ரோசலினின் தலையாட்டல்

12.7.1986, சனி

மனைவி ரோசலினுக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்தைப் பற்றி டாக்டர் இன்று விளக்கினார். அவள் இழுத்தால் அது காற்றைத் தரும். இழுக்காவிட்டால் தானாகவே தந்துவிடும். பின்னால் நின்று ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான். நேரம் தவறித் தள்ளினால் உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

"காத்து சரியா வருதாம்மா?" என்று அவளைக் கேட்டார். தொண்டையில் குழாய் இருப்பதால் அவளால் பேச முடியாது. தலையாட்டினாள். அவரும் திருப்தியாகப் போய்விட்டார்.

பிறகு நான் குனிந்து, "கஷ்டமா இருக்கா புள்ள?" என்றேன். அதற்கும் அதே தலையாட்டல். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கேட்டாலும் தோட்டத்துத் துரை கேட்டாலும் ஆமாங்க என்றே பழகியவள்.

"காத்து சரின்னா என் வெரல ஒரு தரம் அமுக்கு. சரியில்லேன்னா ரெண்டு தரம்."

இரண்டு தரம் அமுக்கினாள். விடவே இல்லை.

தாதியிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "டாக்டர் கேட்ட நேரம் சரின்னுதானே சொன்னாங்க மாஸ்டர்? நீங்க வந்தா மட்டும் செல்லமா?" டாக்டர் காலையில்தான் வருவாராம். அதுவரை இயந்திரத்தின் திருகை யாரும் தொடக்கூடாதாம். பார்க்கும் நேரம் முடிந்தது என்று என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் நானும் "விளங்கிச்சா?" என்று கேட்பேன். பிள்ளைகள் ஒரே குரலில் "ஆமாங்க சார்" என்பார்கள். நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அதில் எத்தனை பேர்...

முதல் பஸ் ஐந்து மணிக்கு. டாக்டர் வருவதற்குள் நான் அவள் கட்டிலருகே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் மறுபடியும் கேட்பார். அவள் மறுபடியும் தலையாட்டுவாள்.