முதல் கட்டத்தில் பென்சில் குறி

இல்லை கண்ணம்மா, அப்பா மறக்கவில்லை. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்பே உன் கடற்படைப் படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். இங்கே இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் கடல் அதிகம் ஆட்டாத ஒரு நாளில் இதைப் பிரிக்க வேண்டும். படிவம் நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

கையெழுத்தை மட்டும் போட்டு, இரண்டு கட்டத்தில் எது என்று அப்பாவே குறிக்கட்டும் என்று அனுப்பியிருந்தாய். முதல் கட்டம், நீர்மூழ்கிகளின் சத்தத்தைக் கேட்கும் பிரிவிலேயே கடைசிவரை இருப்பது. இரண்டாவது பொதுப் பிரிவு, இரண்டு வருடத்துக்கு ஒரு வேலை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு என்றைக்காவது ஒரு கப்பலுக்குத் தலைமை ஏற்பது. அப்பா அந்தக் கேட்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்தவர். கூடச் சேர்ந்தவர்கள் இவரைக் ‘காது’ என்றார்கள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அந்தக் காது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பிறகு கருவியையே மாற்றி, காதே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நாம் ‘ரெண்டுவருஷம்’ என்று கேலி செய்வோமே, அப்பாவின் சிநேகிதர், கேப்டனாக ஓய்வு பெற்றவர், நீ அனுப்பிய படிவம் வந்த அன்று அவரும் வந்திருந்தார். எனக்கு எதுவுமே முழுசா தெரியாது, அதனாலதான்யா கப்பலையே குடுத்தாங்க, பொண்ணையும் இந்தப் பக்கம் அனுப்பு என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும், காலையில எழுந்தா செய்யத் தெரிஞ்ச வேலைன்னு ஒண்ணுமில்ல தங்கச்சி என்றார். எந்தப் பிரிவில் போனாலும் கடைசியில் வெறுங்கையோடு வந்து நிற்பது இந்த வாசல்தான் போலிருக்கிறது.

அன்று மாலை அப்பா குறித்தார். பென்சிலில். அவருடைய அந்த ஹெட்போன் அறையில் அதுதான் வழக்கம்: ஒருவர் கேட்ட சத்தத்தைப் பென்சிலில் எழுதுவார், இரண்டாமவரும் கேட்டு ஆமாம் என்றால்தான் மேலே மையால் எழுதுவது. என்னிடம் நீட்டி, நீ என்ன சொல்ற என்றார். அடுப்பில் பால் இருந்தது. உங்க உத்தியோக விஷயம் எனக்கென்ன தெரியும் என்றேன், பார்க்கக்கூட இல்லை. உறையில் வைத்து, ஒட்டாமல் அலமாரியில் விட்டார். காத்திருந்திருக்கிறார். மறுநாள் நான் ஒட்டி அனுப்பிவிட்டு, போட்டுட்டேன் என்றேன். சரி என்றார். நான் ஆமாம் சொல்லி மையால் எழுதிவிட்டதாக நினைத்திருப்பார்.

திரும்பி வந்த படிவத்தில், பென்சில் குறி செல்லாது என்று முத்திரை. எதையும் தேர்வு செய்யாதவர்கள் பொதுப் பிரிவுக்கு, மாற்ற இயலாது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், தேதி முடிஞ்சுடுச்சும்மா என்று. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னாள்.

அவர் குறித்திருந்தது முதல் கட்டம். நீ ஆசைப்பட்டதும் அதுதான். உன் கடிதத்தில் அந்தச் சத்தங்களைப் பற்றி நான்கு பக்கம், கப்பலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனை பட்டவர் அதையே உனக்குக் கொடுக்க நினைத்திருக்கிறார். இதுவும் நல்லதுக்குத்தான் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்பவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரக் காலுறையோடு தூங்காதே. கோபத்தை என்மேல் வை, அவர்மேல் வேண்டாம். எந்தக் கப்பலில் போட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்; என் ஆசி அதற்கு மேல் எட்டவில்லை.

உன் அம்மா

பி.கு. எழுதி முடித்ததும் படிவத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.