மருந்தோடு ஒரு கைப்பிடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் குதிரை புகையின் தோலில் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. சுரண்டி அனுப்பிய தோலைப் பற்றி ஆய்வகம் கொடுத்த தாளை மருத்துவர் இன்று காலை லாயத்துக்கே கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் முறையும் அதே பதில்.

புகையை உங்களுக்குத் தெரியும். போன வருடம் வந்தபோது உங்கள் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினாளே, அந்தச் சாம்பல் நிறக் குதிரை. இப்போது கழுத்திலிருந்து விலாவரை நாணயம் நாணயமாகத் தடிப்பு. தூணில் தேய்த்துத் தேய்த்துத் தோளில் மயிர் போய்விட்டது. சேணம் வைத்தால் உதறுகிறாள். சவாரி பழக வருகிறவர்கள், "ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த குதிரைக்குப் போகிறார்கள். முதலாளியம்மா பிப்ரவரி கடைசிவரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் சரியாகாவிட்டால் தரகரின் லாரி வரும். அது அவளை எங்கே கொண்டுபோகும் என்று நாம் இருவரும் பேசிக்கொள்ளத் தேவையில்லை.

மருத்துவருக்குத் தீவனத்தின் மேல் சந்தேகம். ரத்தத்தில் தெரியாதா என்று கேட்டேன். "அதை நம்பி முடிவு எடுக்க முடியாதும்மா. குடுக்கிறதை நிறுத்திப் பார்க்கணும், திரும்பக் குடுத்துப் பார்க்கணும்" என்றார். என் பதிவேட்டில் முதல் தடிப்பு நவம்பர் 19. உங்கள் மில்லின் புது மூட்டையைப் பிரித்தது நவம்பர் 11. கலவை போடுவது நீங்கள். நேராகவே கேட்கிறேன்: எதையாவது மாற்றினீர்களா?

அன்புடன்,
தங்கை


ஜனவரி 17

வாயாடித் தங்கைக்கு,

நலம். அண்ணி உன்னை விசாரித்தாள். முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

இருநூறு குதிரைகள் தின்கிற கலவை. அதில் ஒன்று சொறிந்துகொண்டால் பழி என் தலையிலா? சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தால்கூட நான் ஜன்னலைத் திறந்ததுதான் காரணம் என்று அம்மாவிடம் சொன்னவள் நீ. மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும். பிரஷ்ஷை ஒழுங்காகக் கழுவுகிறாயா? சேணத்துக்கு அடியில் போடுகிற துணியை எந்த சோப்பில் துவைக்கிறாய்? முதலில் அதைப் பார்.

இன்னொன்று. இந்த மாதிரிக் கேள்விகளை மில் விலாசத்துக்கு எழுதாதே. தபால் முதலாளியின் மேசையைத் தாண்டித்தான் எனக்கு வருகிறது. வீட்டுக்கு எழுது.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

தரகரின் லாரி நேற்று வெறுமையாகத் திரும்பிப் போனது. வாசலில் நின்று நானே பார்த்தேன்.

துணியும் பிரஷ்ஷும் வெந்நீரில் கழுவியாயிற்று, நீங்கள் சொன்னதற்காக. ஜனவரி 15 முதல் புகைக்கு ஒரே வயலின் காய்ந்த புல், உப்புக்கட்டி, தண்ணீர். வேறொன்றும் இல்லை என்று நினைத்தேன். ஐந்து வாரமாகியும் தடிப்பு குறையவில்லை. "புல்லைப் போட்டே எலும்பாக்கிட்ட. இப்ப என்ன சொல்ற?" என்றார் முதலாளியம்மா. உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். தோற்றுவிட்டேன் என்றே தோன்றியது.

பிப்ரவரி 20 காலை மருத்துவர் பக்கத்தில் நின்றிருந்தார். வழக்கம்போல அரிப்புக்கான பொடியை உள்ளங்கையில் கொட்டி, உங்கள் கலவையில் ஒரு கைப்பிடி அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, புகையின் வாயருகே நீட்டினேன்.

"அது என்ன?"

"மருந்து சார்."

"மருந்து தெரியுது. எதுல பிசைஞ்சீங்க?"

இருபத்திரண்டு வருடமாக எல்லாக் குதிரைக்கும் இப்படித்தான் மருந்து கொடுக்கிறேன். அந்தக் கைப்பிடி என் கண்ணுக்குத் தீவனமாகவே தெரியவில்லை. ஐந்து வாரமும் தினம் இரண்டு வேளை நானே ஊட்டியிருக்கிறேன். பிழை என்னுடையது. பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினோம். இப்போது மருந்தைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் விடுகிறேன். பாதியைப் புகை என் சட்டையில் துப்புகிறாள்.

கெடு மட்டும் மறுபடி தொடங்கவில்லை. நேற்று லாரி வந்தது. தலைமைப் பராமரிப்பாளரான என் கையெழுத்தில்லாமல் குதிரையை ஏற்றமுடியாது. முதலாளியம்மா தாளை நீட்டினார்.

"தீராத தோல் நோய்னு போட்டிருக்கு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"தீராதுன்னு யார் சொன்னா?"

"எட்டு நாள்ல உனக்கு என்ன தெரிஞ்சிடுச்சு?"

"ஒண்ணும் தெரியல. அதனாலதான் போட மாட்டேன்."

"குதிரை என்னோடது."

"கையெழுத்து என்னோடது."

தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்கம்மா. நான் இன்னும் நாலு இடம் போகணும்" என்று வண்டியை எடுத்துவிட்டார். ஏப்ரல் கடைசிவரை தவணை கிடைத்திருக்கிறது. அதற்குள் காரணம் மருத்துவரின் எழுத்தில் வேண்டும் என்கிறார் முதலாளியம்மா.

மூட்டையில் அச்சடித்ததை நான் உங்களிடம் கேட்கவில்லை, அண்ணா. தொட்டியில் நீங்கள் கொட்டியதைக் கேட்டேன். இந்தக் கடிதம் வேண்டுமென்றேதான் மில் விலாசத்துக்கு வருகிறது.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

முதலாளி உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "உன் தங்கச்சிக்கு வேற வேலை இல்லையா?" என்றார். "இருக்கு. குதிரை பார்க்கிறா" என்றேன்.

நவம்பர் 3 முதல் ஆளிவிதைப் புண்ணாக்கு வரவில்லை. அதன் இடத்தில் சோயாப் புண்ணாக்கு போட்டோம். மற்றதெல்லாம் பழையபடி. மூட்டையில் அச்சும் பழையதே. "மூட்டையை எவன் படிக்கிறான்?" என்றார் அவர். நான் வாயைத் திறக்காமல் கொட்டினேன். ஜனவரியில் நீ கேட்டபோது தெரிந்தேதான் மறைத்தேன்.

மற்றக் குதிரைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. சோயா விஷமில்லை. உன்னுடையவளுக்கு மட்டும் ஆகாமல் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ கேட்டாய்.

கலவைத் தாளின் நகல் இதோடு இருக்கிறது. கீழே என் கையெழுத்து. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அச்சை மாற்றும்வரை தொட்டிப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூட்டை தைக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். விரலெல்லாம் ஊசிக் குத்து. அண்ணி சிரிக்கிறாள், ஆனால் இந்தப் பிடிவாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

புகையின் உடம்பில் புதுத் தடிப்பு ஒன்றுகூட இல்லை. இன்று காலை மருத்துவர் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் அவரே எழுதினார். மறுபடி தொடங்கி நாற்பத்தெட்டு நாள். மருந்தை நிறுத்தி முப்பத்துநான்கு நாள். தோளில் மயிர் குச்சி குச்சியாக முளைத்திருக்கிறது. அவர் குனிந்தபோது தொப்பியைப் பிடுங்கிவிட்டாள். "குணமாயிட்டா" என்றார், அதை மட்டும் எழுதவில்லை.

உங்கள் தாளின் நகலை லாயத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச்வரை நீங்கள் பேசாமல் இருந்ததை மன்னித்துவிட்டதாக எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் விரலுக்கு ஒரு தோல் உறை அனுப்பியிருக்கிறேன், சேணம் தைப்பவர் போடுவது. போட்டுக்கொள்ளுங்கள்.

சோயாதான் என்று இன்னும் சொல்லமாட்டேன். நிறுத்தியதும் சரியானது பாதி சாட்சிதான். வருகிற திங்கட்கிழமை, 13ஆம் தேதி முதல், புல்லோடு சோயாப் புண்ணாக்கு மட்டும் தினம் ஒரு கைப்பிடி. தடிப்பு கிளம்பினால் அன்றே நிறுத்திவிடுவோம். கிளம்பாவிட்டால் தப்பாகச் சந்தேகப்பட்டேன் என்று உங்களுக்கு எழுதுவேன், அதுவும் மில் விலாசத்துக்கே. பிறகு அடுத்த பொருளைப் பார்ப்போம்.

மருத்துவர் 27ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்து முடிவை எழுதுவார். அதே நேரத்துக்கு முதலாளியம்மா தரகரின் தாளோடு வருகிறார். மூட்டை அச்சு பற்றி உங்கள் மில்லுக்கு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

தங்கை