அம்மாவுக்கு ஏறிய மூன்றரைக் கிலோ

என் தங்கக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கும் சௌக்கியம் என்று எழுதியே பழகின கை இந்தத் தடவை தயங்குகிறது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். போன மாதக் கடைசியில், அம்மா தேறிவிட்டாள், பத்தே நாளில் மூன்றரைக் கிலோ ஏறியிருக்கிறாள், லீவு போட்டு ஓடி வராதே என்று உன்னிடம் பெருமையடித்தேன் அல்லவா, நீயும் டிக்கெட்டை ரத்து செய்தாய். அது சதை இல்லையம்மா, தண்ணீர். ரத்தத்தைத் தள்ளும் பலம் இதயத்துக்குக் குறைந்ததால் உடம்பில் தேங்கிய நீர். தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், ஏறினால் நல்லது என்று நானாக நினைத்துக்கொண்டேன். சும்மா சும்மா பாத்ரூமுக்கு அலைகிறாளே, அதான் தேறிவிட்டாளே என்று நீர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்ததும் நான்தான். முப்பத்தொரு வருஷம் எடை மேடையில் உட்கார்ந்து, மணலில் தண்ணீர் ஊற்றி எடை கூட்டி வரும் லாரியை வாசலிலேயே பிடித்தவன், வீட்டில் கோட்டை விட்டேன்.

உன்னிடம் பேசிய நாலாம் நாள் காலை, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மூச்சுக்குத் தவித்தாள். வீங்கின காலில் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு காரில் ஏற்றினேன். நாலு நாள் ஊசி போட்டு நீரை வடித்தார்கள். உறவில் கல்யாணம், வெளியூரில் இருக்கிறோம் என்று உனக்குச் சொன்னது அப்போதுதான், அம்மா சொல்லச் சொன்ன பொய். டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்களே, ரெண்டு கிலோ ஏறினப்பவே ஓடி வந்திருக்க வேண்டாமா என்றார், என்னால் தலை நிமிர முடியவில்லை. இப்போது நீர் மாத்திரை முழுசாக, இதயத்தின் சுமையைக் குறைக்க ஒன்று, துடிப்பை நிதானப்படுத்த ஒன்று. எழுந்தால் தலை சுற்றுகிறது, கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் நடக்கிறாள். உப்புக் குறைத்து நான்தான் சமைக்கிறேன், இந்த மனுஷன் சமையலுக்கு ஆஸ்பத்திரியே மேல்னு பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மாத்திரை ஒத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓட்டிவிடலாமாம், இன்னொரு தடவை இப்படி ஆனால் சொல்வதற்கில்லையாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வா அம்மா, திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டு.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மா உன்னிடம் கலகலவென்று பேசினால் நம்பிவிடாதே. நீ கூப்பிடும் நேரத்துக்கு அரை மணி முன்பிருந்தே வாயைத் திறக்காமல், மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா