முதலில் போட வேண்டியது

3 ஜூன் 2025, செவ்வாய்

மெல்பேர்ணிலிருந்து பொதி வந்தது. மகன் சாரங்கனின் சிநேகிதன் ஜனா விடுமுறைக்கு வந்தவன், கையோடு கொண்டுவந்து தந்தான். வழக்கம்போல் விற்றமின் குளிசையும் சொக்லேற்றும்தான் என்று நினைத்தேன். உள்ளே கறுப்பாக ஒரு சாமான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கைபிடி, விரலுக்கு ஏகப்பட்ட பொத்தான்கள்.

"கேமிங் கொம்பியூட்டர், அன்ரி. கையிலயே வைச்சு விளையாடலாம். பெடியள் இதுக்கு உயிரை விடுவாங்கள்," என்றான் ஜனா.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பம்பலப்பிட்டியில் முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள். உயிரை விட எனக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

இது வந்ததற்குக் காரணம் என் வலது மணிக்கட்டு. ஏப்ரலில் வெள்ளவத்தை ஸ்டேஷன் படியில் வழுக்கி உடைத்துக்கொண்டேன். கட்டு வெட்டியாயிற்று, விரல்கள்தான் இன்னும் மடங்கமாட்டோம் என்கின்றன. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார். பந்து கீழே கடையில் கிடைக்கும். என் ஒரே மகன் கணினிப் பொறியியலாளன் என்றபடியால் பந்துக்குப் பதிலாக இது வந்திருக்கிறது.

பெட்டிக்கு மேல் ஒரு துண்டு: "அம்மா, நான் கோல் எடுக்குமட்டும் ஒண்டையும் அமத்த வேண்டாம்." அன்பளிப்பு.

4 ஜூன், புதன்

விளையாட்டுச் சாமானில் முதலில் விளையாட்டைத்தான் போடுவார்கள் என்று நினைத்தது என் அறியாமை.

காலை ஏழுக்கே சாரங்கன் அழைத்தான். "முதல்ல ரிமோட் சொஃப்ட்வெயார் ஒண்டு போடுவம். அதைப் போட்டா மிச்சம் எல்லாத்தையும் நான் இஞ்சயிருந்தே போட்டிடுவன்."

"விளையாட்டு?"

"அது கடைசியா, அம்மா."

போட்டேன். ஒன்பது இலக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். அடுத்த நிமிடம் அம்புக்குறி தானாக ஓடத் தொடங்கியது. நான் கையை எடுத்துவிட்டேன். அது திறக்கிறது, மூடுகிறது, என்னைக் கேட்காமல் எனக்காக எதற்கெல்லாமோ சம்மதிக்கிறது. செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைத்தவள். இவனுக்கு எங்கே குறைப்பது?

6 ஜூன், வெள்ளி

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அப்டேட். அவன் அங்கிருந்து ஓட்டினான், நான் இங்கே சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தேன். வைரஸ் தடுக்க ஒன்று. பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்க ஒன்று. எல்லாவற்றையும் சேமிக்க ஒன்று, சேமித்தது தொலைந்தால் என்று இன்னொன்று.

"உனக்கு வேலை இல்லையாடா?" என்று கேட்டேன்.

"லஞ்ச் பிரேக், அம்மா."

அவுஸ்திரேலியாவில் மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் கொடுக்கிறார்கள் போலும். நல்ல நாடு.

7 ஜூன், சனி

விளையாட்டு இன்னும் வரவில்லை. விரல் மடங்கவில்லை. பாதுகாப்பு மட்டும் அமோகம்.

10 ஜூன், செவ்வாய் — போசன் போயா

வந்துவிட்டது! லொறி ஓட்டுகிற விளையாட்டு. ஐரோப்பாவில் எங்கோ ஓரிடத்தில் இருபது தொன் உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டு இன்னொரு நாட்டில் கொண்டுபோய் இறக்கு என்கிறார்கள். இடது பெருவிரலால் திருப்ப வேண்டும், வலது பெருவிரலால் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும், சுட்டுவிரல் அக்சிலேட்டர். முதல் மணித்தியாலத்தில் இரண்டு கார், ஒரு சுங்கச்சாவடி, பெயர் தெரியாத ஒரு மரம். பாதையில் குறுக்கே வந்தவர்களுக்கு, காலி வீதி பஸ் கொண்டக்டர்மாரிடம் இத்தனை வருடமாகக் கற்றுக்கொண்ட சிங்களத்தில் மறுமொழி சொன்னேன். கீழே, போயாவுக்கு இலவசமாகக் கொடுக்கிற ஐஸ்கிறீம் தன்சலுக்குச் சனம் வரிசையில் நின்றது. நான் போகவில்லை. உருளைக்கிழங்கு பழுதாகிவிடும்.

சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விடுவது நேர்மையில்லை.

13 ஜூன், வெள்ளி

பெருவிரல் நன்றாக மடங்குகிறதாம். "வீட்டில என்ன எக்ஸர்சைஸ் செய்யிறீங்கள்?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். லொறி ஓட்டுகிறேன் என்றேன். அவர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். மூளையைப் பற்றியதாக இருக்கும்.

17 ஜூன், செவ்வாய்

இன்று கொஞ்சம் அதிகமாகப் படுத்துவிட்டேன், மழை. ஒன்பதே முக்காலுக்குத்தான் லொறியைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் சாரங்கன்.

"என்னம்மா, இண்டைக்கு லேட்? ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கெல்லாம் ஓன் பண்ணிடுவீங்களே. சுகமில்லையோ?"

அவனுக்கு எப்படித் தெரியும்?

இல்லை, உண்மையிலே எப்படித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இதையெல்லாம் குறிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறானோ? என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறான் — நான் என்ன தப்பி ஓடப்போற கைதியோ? இருபது வருஷம் அவன் எழும்பினானோ எண்டு நான் பார்த்தனான். அது வேற. அது வேறதானே?

18 ஜூன், புதன்

ஷிம்னா கீழ்மாடியில் இருக்கிறாள். என் பழைய மாணவி, இப்போது ஒரு கம்பனியில் கணினி வேலை. அவளிடம் சாமானைக் காட்டினேன்.

"டீச்சர், மெஷின போட்ட ஒடனே இந்த ரிமோட் சொஃப்ட்வெயார் தானா ஓடும். அங்க அவருக்குப் பச்சப் புள்ளி ஒன்டு விழும். நீங்க முழிச்சிட்டீங்கன்டு வெளங்கும்."

"எடுத்து விடு."

"எனக்கு ஏலா டீச்சர். சாரங்கனுக்கு செல்லிட்டு எடுங்களே."

வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து நகம் கடித்தவள் இப்போது எனக்குப் புத்தி சொல்கிறாள். அவள் போனபின் நானே எடுத்தேன். நீக்கு என்பதை அமத்தினால், "நிச்சயமாகத்தானா?" என்று கேட்டது. இந்த வீட்டில் அண்மைக் காலத்தில் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த ஒன்றுதான்.

நிச்சயமாகத்தான்.

19 ஜூன், வியாழன்

சாரங்கன் அழைத்தான். ஏன் ஒன்லைனில் இல்லை என்றான். "சார்ஜ் இல்லை," என்றேன். நம்பினான். பிறகு நான் மூன்று நாடுகளின் ஊடாக வாழைப்பழம் ஏற்றிக்கொண்டு போனேன்.

20 ஜூன், வெள்ளி

இரண்டு தடவை எழுதி வெட்டிவிட்டேன். மணிக்கட்டால் இல்லை.

காலை மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன். கைபேசி வீட்டில் சார்ஜில். திரும்பும்போது பெருமழை பிடித்தது. சைவக் கடைக்குள் ஏறி, வடையும் பிளேன்ரீயும் சொல்லி, ஜன்னலோரம் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டேன். இரண்டாவது வடை தேவையில்லாததுதான்.

வந்து பார்த்தால் என் வாசலில் ஊர்வலம். ஷிம்னா அழுதுகொண்டு. கிருலப்பனையிலிருந்து என் தம்பி மகன் ராகுலன், ஒஃபிஸ் சட்டையோடு நனைந்துபோய். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர். ஒரு பூட்டுக்காரன், கையில் துளைபொறி. என் கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை.

புள்ளியும் இல்லை, போனையும் எடுக்கவில்லை என்று சாரங்கன் எல்லோரையும் அழைத்திருக்கிறான். நான் வெளியே போகும்போது வாசலில் காவல்காரன் இல்லை, அதனால் நான் உள்ளேதான் என்று முடிவு. அந்தக் காவல்காரன்தான் முதலில் என்னைக் கண்டான். "மிஸ்ட மொகுத் நே நேத?" என்று கேட்டான் — உங்களுக்கு ஒன்றுமில்லைத்தானே. எனக்கு ஒன்றுமில்லை. கையில் ஒரு பை கத்தரிக்காய் இருந்தது.

"மாமி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே," என்றான் ராகுலன்.

சந்தைக்குப் போக யாரிடம் சொல்ல வேண்டும்? அவன் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றான். துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

21 ஜூன், சனி

புதுப் பூட்டு. சாவி மூன்று. ஒன்று ராகுலனிடம், ஒன்று ஷிம்னாவிடம். என் வீட்டில் சிறுபான்மையாகிவிட்டேன்.

சாரங்கன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"செப்டெம்பரில வாறன். ஃபிளாட்டைக் குடுத்திட்டு உங்களை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன். இனித் தனிய இருக்கேலாது."

"ஒரு வடைக்கு இந்தத் தண்டனையோ?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கை உடைஞ்சதை எத்தினை நாள் கழிச்சுச் சொன்னனீங்கள்? நீங்கள் சொல்லேல்லை. ராகுலன் போட்ட பிறந்தநாள் படத்தில உங்கட கைக் கட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பதினொரு நாள்."

"சொன்னால் நீ கவலைப்படுவாய் எண்டு—"

"அப்பா மூண்டு நாள் ஐசியூவில இருந்தவர். நீங்கள் என்னட்ட லேசாக் காய்ச்சல் எண்டனீங்கள். நாலாம் நாள்தான் சொன்னனீங்கள். நான் வந்து பெட்டியைத்தான் பார்த்தனான். உங்கட சொல்லை நம்பேலாது, அம்மா. அந்தப் புள்ளி பொய் சொல்லாது."

அவர் போய் ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் இவன் இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. அப்போது அவன் புது வேலையில் சேர்ந்து இரண்டு கிழமை, குழப்ப வேண்டாம் என்றுதான் மறைத்தேன். நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தோடு ஒரு பிள்ளையிடமிருந்து தகப்பனின் கடைசி மூன்று நாளையும் எடுத்துவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

லொறி ஓட்டவில்லை.

24 ஜூன், செவ்வாய்

ஃபிளாட்டை விடமாட்டேன். இந்த மூன்று அறையும், கடற்கரை ரயில் சத்தமும், எழும்பினால் எழும்பலாம் என்கிற காலையும் என்னுடையவை. ஆனால் அவன் சொன்னதற்கு மறுமொழியும் இல்லை.

மறுமொழி தேடி இந்தக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். பரிசோதனைக் குறிப்பு போல வாசித்தேன். 4ஆம் திகதி புதன், இங்கே காலை ஏழு, அங்கே பதினொன்றரை. 6ஆம் திகதி வெள்ளி, அங்கே மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை. 17ஆம் திகதி செவ்வாய், அங்கே இரண்டே கால். எல்லாம் வேலைநாள், வேலைநேரம். நான் எழும்பிவிட்டேனா என்று ஒவ்வொரு நாளும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால், அவனுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

மூன்று மணித்தியால மதியச் சாப்பாடு. நானும் ஒரு ஆசிரியை!

25 ஜூன், புதன்

நேராகக் கேட்டேன். "எப்ப வேலையால நிப்பாட்டினவை?"

அங்கே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"மார்ச்சில," என்றான்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கவலைப்படுவீங்கள்."

என் வசனம். ஒரு சொல் மாறவில்லை. என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

அந்த விளையாட்டுச் சாமான்கூட அவனோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பிரியாவிடைப் பரிசாம். பெட்டியை உடைக்கவே மனம் வராமல் அலுமாரியில் வைத்திருந்தானாம். என் விரலைச் சாட்டி அனுப்பிவிட்டான். அங்கே கலியாணமும் கட்டாமல், வேலையும் இல்லாமல், தனியாக ஒரு அறைக்குள் இருந்துகொண்டு, நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்று கவலைப்பட்டிருக்கிறான். மூன்று மாதம்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவனும் அழுதான்.

26 ஜூன், வியாழன்

ரிமோட் மென்பொருளை நானே திரும்பப் போட்டேன், ஒருவரும் சொல்லித் தராமல். ஒன்பது இலக்கத்தை அவனுக்கு அனுப்பிவிட்டு நிபந்தனை சொன்னேன். கேட்காமல் என் திரையைத் தொடக் கூடாது. அவனுடைய கணினியும் என் பட்டியலில் வர வேண்டும்: நான் எழும்பியது அவனுக்குத் தெரியலாம் என்றால் அவன் எழும்பியது எனக்கும் தெரியலாம். நடந்தது எதுவானாலும் நடந்த அன்றே சொல்ல வேண்டும், இரண்டு பேரும். இதற்குச் சம்மதம் என்றால் ஃபிளாட் இருந்த இடத்தில் இருக்கும், நானும் இருப்பேன்.

"நீங்கள் சொல்லுவீங்களோ?" என்றான்.

"உன்னால ஏலுமெண்டால் என்னாலயும் ஏலும்," என்றேன். இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை. சம்மதித்தோம்.

9 ஜூலை, புதன்

இன்று காலை குளியலறை வாசலில் தலைசுற்றியது. விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். எழும்பி, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதது போல் தேத்தண்ணீர் போட்டேன். அது என் பழக்கம். பிறகு கோப்பையை வைத்துவிட்டு அழைத்தேன். மணி ஏழு பத்து.

"தலை சுத்தினது. நிலத்தில இருந்திட்டன். இப்ப பரவாயில்லை. நாலு மணிக்கு ஷிம்னாவோட டொக்டரிட்டப் போறன்."

அவன் கத்தவில்லை. ராகுலனை அனுப்பட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன், சரி என்றான். செப்டெம்பருக்கு எடுத்த ரிக்கெற்றை மாற்றவில்லையாம், மூன்று கிழமை சும்மா வந்து நிற்கப் போகிறானாம். வீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

வைக்கப் போனேன். "அம்மா," என்றான்.

"ம்."

"திங்கள் இன்ரவியூ சரிவரேல்லை. நேற்றே தெரியும். நேற்றே சொல்லியிருக்கோணும்."

ஒரு நாள் பிந்திவிட்டான். புள்ளி குறைக்கவில்லை. சாப்பிட்டானா என்று கேட்டேன், இல்லை என்றான். அவன் சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது, நான் என் கோப்பையைத் திரும்ப எடுத்தேன். ஒருவரும் போனை வைக்கவில்லை.