மூன்றாம் ஓலை

சூரியநெல்லி
12.1.2025

அன்புள்ள ஜின்சனுக்கு,

இன்று பூசையில் நம் கல்யாண ஓலையை முதல்முறை வாசித்தார்கள். ‘சுவக்கீன் மகள் நிமி’ என்று ஃபாதர் சொன்னதும் அம்மா என்னைக் கிள்ளினாள். இன்னும் இரண்டு ஞாயிறு யாரும் தடை சொல்லாவிட்டால் நான் உன் பெண்டாட்டி.

ஒரு புகார். கல்லூரியில் நாம் சேர்ந்து எழுதிய ‘கொழுந்து’ செயலியை நீ பொதுவில் போட்டிருந்த பக்கம் நேற்று முதல் திறக்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கும் அக்காமார் சங்கச் செய்திகளைச் சூப்பர்வைசர் காதுக்கு எட்டாமல் அதில்தான் அனுப்புகிறார்கள். புதுப் போனில் ஏற்ற முடியாமல் செபமாலை அக்கா என்னைத் திட்டுகிறார். என்ன ஆயிற்று?

உன் நிமி

சான் ஹோசே
14.1.2025

நிமிக் கண்ணே,

நான்தான் எடுத்தேன், கோபிக்காதே. செய்தியை அடுத்தவர் படிக்க முடியாமல் பூட்டும் என்கிரிப்ஷன் முறையை நாமே சொந்தமாக அமைத்தோமே, அதுதான் வினை. அப்படிப்பட்டதை எல்லோருக்கும் இலவசமாக வைத்தாலும், வெளிநாட்டாரும் எடுக்கலாம் என்பதால், இங்கே அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. அரசுக்கு மெயிலில் தெரிவித்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாமல் போயிற்று. இது விசா புதுப்பிக்கும் நேரம். கல்யாணம் முடியட்டும், பார்ப்போம்.

முத்தங்களுடன்
ஜின்சன்

சூரியநெல்லி
15.1.2025

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

அந்த விதியை நானும் படித்தேன். அது மறைக்கச் சொல்லவில்லை, அறிவிக்கத்தான் சொல்கிறது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு மெயில், அவ்வளவுதான். ஓலை வாசிப்பதும் அதற்குத்தானே? நாம் என்ன திருட்டுக் கல்யாணமா செய்கிறோம்? தாமதமானதையும் சொல்லி, இருவர் பெயரும் போட்டு அனுப்பு.

செபமாலை அக்கா நேற்று கேட்டார்: “ஏ பிள்ள, ஒங்க ஆளு போட்டத அவுகளே எடுத்துட்டா நாங்க யார நம்புறது?” திரும்பப் போட்டுவிடுவாய் என்று சொல்லியிருக்கிறேன். நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

உன் நிமி

சான் ஹோசே
23.1.2025

நிமிக் கண்ணே,

மெயில் அனுப்பிவிட்டேன், பக்கமும் திறந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். எழுதியவர் என்று உன் பெயர் மட்டும் கொடுத்தேன். தெரிந்த ஒருத்தி எழுதியதை ஏற்றி வைத்தேன், எனக்கும் அதற்கும் வேறு சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டேன். ஏதாவது வந்தாலும் அங்கே இருக்கும் உன்னை யார் தொடப்போகிறார்கள்? எப்படி என் புத்தி!

முத்தங்களுடன்
ஜின்சன்

சூரியநெல்லி
26.1.2025

ஜின்சனுக்கு,

பக்கம் திறந்தது. செபமாலை அக்கா ஏற்றிக்கொண்டார். அதற்கு நன்றி.

இன்று மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் நிறுத்தியதும் நான் எழுந்தேன். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். அப்பா தலை குனிந்தார், அதுதான் வலித்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

“ஃபாதர், மாப்பிள்ளைக்கு நான் தெரிஞ்ச ஒருத்தி மட்டுந்தானாம். கவர்மெண்டுக்கே எழுதிக் குடுத்துட்டாரு” என்றேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். செயலியில் ஒரு பிழை இருக்கிறது, நாளை திருத்த வேண்டும். பக்கத்தின் பாஸ்வேர்டை அனுப்பிவிடு.

இப்படிக்கு
சுவக்கீன் மகள் நிமி