விபூதி உறையில் ஒரு பெயர்

7.6.2010, திங்கள், ஹைதராபாத்

காலையில் தூறல். மௌலா அலி மலை பாதிதான் தெரிந்தது. கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் நாளாக ஈரம்.

மகள் கலாவின் கம்பெனியிலிருந்து மெயில். அடுத்த செவ்வாய் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்களாம். வீட்டிலிருந்து டைப் செய்கிறவர்கள் எல்லோர் வீட்டுக்கும் வருகிறார்கள். இவர்கள் டைப் அடித்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கும் வெளிநாட்டில் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். நோயாளி விவரம் எந்த நாட்டுக்குப் போனாலும் சட்டமும் கூடவே போகுமாம்.

"நம்ம வீட்டுக்குமா?"

"நம்ம வீட்டுக்குத்தான்ப்பா. நான் உக்கார்ற நாற்காலி வரைக்கும்."

சிரித்துவிட்டேன். மல்லாபூரில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒரு வால்வு வெளிநாடு போக வேண்டுமென்றால் மரப்பெட்டி, கேட் பாஸ், முத்திரை, துறைமுகத்தில் இன்னொரு முத்திரை. கலாவின் சரக்குக்கு எடையே கிடையாது. அங்கே டாக்டர் பேசுகிறார். இங்கே பெண் காதில் வாங்கி டைப் அடிக்கிறாள். கம்பி வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது. இதற்கு ஏது கேட்டு, ஏது பாஸு என்று மூன்று வருஷமாக எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான். இப்போது கேட் என் வீட்டு வாசலுக்கே வருகிறது.

பாஸ் ஆகாவிட்டால் தினமும் பேகம்பேட்டை ஆபீஸ். இரண்டு பஸ். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, கரண்ட் இருந்தால். சின்ன வயதில் போலியோ வந்த வலது காலை வைத்துக்கொண்டு.

வீட்டில் என்றால் இடது காலால் பெடல் மிதிக்கிறாள். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். சரோஜா ஆறு மாதமாகச் சொல்வது: "அந்த மாதிரி ஒரு பெடல் எனக்கும் வாங்கிக் குடுடி. உங்கப்பாவ நிறுத்தறதுக்கு."

9.6, புதன்

வெயில். வேட்டி காய்ந்தது.

செய்ய வேண்டியது (கலா சொல்லச் சொல்ல எழுதியது):
பின்னறைக்குத் தனிப் பூட்டு, சாவி அவளிடம் மட்டும்.
ஜன்னலுக்குத் தடித்த திரை.
கம்ப்யூட்டர் யார் கண்ணிலும் படக்கூடாது. ஆக, அவள் முதுகு சுவர்ப் பக்கம்.
உள்ளே பேனா, காகிதம், செல்போன் கூடாது.
அரிசி டின் வெளியே. (ச. உள்ளே வரக் காரணம் இருக்கக்கூடாது.)

கடைசி ஐட்டத்தில் தகராறு. "அரிசி இன்னாடி பண்ணும்? எழுந்து படிக்குமா?"

"அரிசி படிக்காதும்மா. எடுக்க வர்ற நீ படிப்ப."

"நக்கோ, வேணாம்டி. எனக்கு பஸ் நம்பரே படிக்க வராது."

டின்னை நான்தான் உருட்டி வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

சாப்பிடும்போது கலாவிடம் கேட்டேன், நம் நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று. இருக்கிறதாம், ஆனால் அவர்களுக்குப் போதாதாம். அதனால் அவர்கள் சட்டத்தையே ஒப்பந்தத்தில் எழுதி, இங்கே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பிலிப்பைன்ஸுக்குப் போய்விடும். அங்கேயும் கையெழுத்துப் போடத் தயாராக ஆள் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. மூளைக்குப் புரிந்த மட்டும்: ஓட்டுப் போடுவது ஒரு நாட்டில், கீழ்ப்படிவது இரண்டு நாட்டுக்கு.

12.6, சனி

அரை நாள் வேலை. பிறகு முருகன் கோயில். ரயில்வே ஒர்க்‌ஷாப் தமிழர்கள் அந்தக் காலத்தில் கட்டியது, கூட்டமே இருக்காது.

குருக்கள் இந்த வாரத்து விபூதி உறையைக் கொடுத்தார். உறைமேல் அவர் கையால் இங்கிலீஷில் எழுதிய பெயர்: ████. (15ஆம் தேதி நானே மை போட்டு அடித்தேன்.)

இந்தப் பெயருக்குரிய பெரியவர் யார் என்று எழுதியதே இல்லை. அந்த நாட்டில் ஏதோ பண்ணை வைத்திருப்பவர். எண்பத்தொன்று. நுரையீரலில் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வருவார், டாக்டர் பேசுவார், அது கலாவிடம் வரும். ஒருநாள் சோறு பிசைந்தபடி அவளே சொன்னாள்: "டாக்டர் ஆரம்பிக்கும்போதே 'இனிமையான பெரியவர்'னு சொல்றார்ப்பா. எல்லாரையும் அப்படித்தான் சொல்வார். இவரைச் சொல்லும்போது மட்டும் குரல்ல சிரிப்பு இருக்கு." மாட்டுக்குத் தீனி வைக்க ஆள் இல்லை, அதனால் ஆஸ்பத்திரியில் தங்க மாட்டேன் என்றாராம். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள். சரோஜா பெயர் கேட்டாள். கலா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

போன மாதம் ரொம்ப மோசம் என்று கேட்டதும் நான் போய் நாற்பத்தெட்டு நாள் அர்ச்சனைக்கு எழுதிவைத்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். என்னுடைய உத்திராடத்தையே கொடுத்தேன். கோத்திரத்துக்குச் சிவகோத்திரம். வெளிநாட்டுப் பெயரை அவர் மந்திரத்துக்கு நடுவே சொல்லும்போது பல்லில் கல் சிக்கினது போல இருக்கும். ஆனாலும் விடாமல் சொல்கிறார்.

கலாவுக்கு இது தெரியாது. திட்டுவாள்.

15.6, செவ்வாய்

லீவு போட்டேன். நல்ல மழை.

பதினொரு மணிக்கு ஸ்ரீலதா மேடம் வந்தார். தெலுங்குக்காரர், கலாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். குடையை வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றி, கால் துடைத்து உள்ளே வந்தார். அதிலேயே எங்களுக்குப் பிடித்துவிட்டது.

பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். திரையை இழுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வாசலில் என்னை நிற்கவைத்து, "ஏமன்னா கனபடுதுந்தா அங்கிள்?" என்றார். ஏதாவது தெரிகிறதா என்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதுவுமே தெரியலைம்மா" என்றேன். சிரித்தார். கலாவும் சிரித்தாள், ஒரு வாரத்துக்குப் பிறகு.

இருபது கேள்விக்கும் டிக். கடைசியில் என்னிடமே, "வேலையைப் பத்தி வீட்ல பேசறது உண்டா?" "உஹூம்" என்றேன். வாய் கூசியது. கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார். காபி குடித்தார். அரிசி டின்மேல் சாய்ந்தபடி ச. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

சுமங்கலி, முதல்முறை வந்திருக்கிறார், வெறுமனே அனுப்புவதா? ச. குங்குமம் நீட்டினாள். மேடம் எடுத்து வைத்துக்கொண்டார். நான் சும்மா இராமல், "கோயில் விபூதியும் குடு, விசேஷமான அர்ச்சனை" என்றேன். நானே போய் சாமி அலமாரியிலிருந்து உறையை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

மேடம் இரண்டு விரலால் எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனவர், உறையைப் பார்த்தார். பெயரைப் படித்தார். கை அங்கேயே நின்றது.

"இது யார் பேரு அங்கிள்?"

ஐம்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்துக்கு ஒன்று வரவில்லை. வந்ததெல்லாம் பெருமைதான். "உங்க ஆஸ்பத்திரிப் பெரியவர்தாம்மா. பாவம், நுரையீரல்ல தண்ணி. நாங்க தினம் அர்ச்சனை பண்றோம்."

கலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா…"

மேடம் விபூதியைப் பூசிக்கொண்டார். அதை மறக்க மாட்டேன். பூசிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார் (தெலுங்கில்தான் சொன்னார், தமிழில் எழுதுகிறேன்): "பார்க்காத மாதிரி போயிடலாம்னுதான் தோணுது. ஆனா கலா மாதிரி நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ச. தைரியமாகக் கேட்டாள். "சாமி கிட்ட வேண்டிக்கிட்டது தப்பாம்மா?"

"வேண்டிக்கிட்டது தப்பில்ல ஆன்ட்டி. பேரு வெளியே போனது தப்பு."

ஃபைலைத் திறந்து எதையோ அடித்து எழுதினார். போகும்போது குடையை மறந்துவிட்டார். ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அங்கிள், அந்தக் கவரை எரிச்சுடுங்க" என்றார்.

கற்பூரத்தட்டில் எரித்தேன். விபூதியை மட்டும் ஒரு காகிதத்தில் கொட்டிவைத்தேன். டைரியிலும் அடித்தேன்.

16.6, புதன்

வேலைக்குப் போனேன். ஒரு பெட்டி வால்வை இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு தரமும் வேறு கணக்கு.

 சாயங்காலம் கலா தானாக வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் முதல்ல பேரச் சொன்னேன். உங்க மேல கோபம் இல்ல."

"இருந்தா பரவாயில்லம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

"கொஞ்சம் இருக்கு."

இன்னொன்றும் சொன்னாள். விவரம் வெளியே போனது உறுதியானால், சட்டப்படி அந்த நோயாளிக்கே கடிதம் எழுதிச் சொல்ல வேண்டுமாம். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து அந்தக் கிழவர் கடிதத்தைப் பிரிக்கிறார். என்னவென்று எழுதியிருப்பார்கள்? ஐயா, தங்கள் நுரையீரல் விஷயம் ஹைதராபாத்தில் முருகனுக்குத் தெரிந்துவிட்டது, வருந்துகிறோம் என்றா?

சிரித்துக்கொண்டேதான் யோசித்தேன். பிறகு தோன்றியது: என் நுரையீரலைப் பற்றி முகம் தெரியாத ஒரு வீட்டில் சோறு பிசைந்துகொண்டே பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? நல்லெண்ணமாகவே இருக்கட்டும். என்னை யாரும் கேட்கவில்லையே. அவரை நான் கேட்டேனா?

சட்டத்தை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று திட்ட வாய் வரவில்லை.

18.6, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை ரத்து. திங்கள் முதல் ஆபீஸ். வேலையிலிருந்து எடுக்கவில்லை. மேடம் என்ன எழுதினாரோ. பெயரை ரிப்போர்ட்டில் எழுதினால் அதுவே இன்னொரு தப்பாகிவிடும் என்று எழுதாமல் விட்டிருப்பார் என்கிறாள் கலா. பெரியவருக்குக் கடிதம் போகிறதா என்று இவளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கம்ப்யூட்டரை எடுத்துப் போக ஆள் வந்தான். பெடலையும். ச. அரிசி டின்னைத் திரும்பப் பின்னறைக்கு உருட்டவில்லை. 

21.6, திங்கள்

கா. 6.40 பஸ். நானும் போனேன். இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போது படி உயரம். கண்டக்டர், "ஜல்தி அம்மா, ஜல்தி." நான் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறினாள்.

ஆபீசில் கரண்ட் இல்லை. மூன்று மாடி. கீழே நின்று எண்ணினேன். ஒரு படிக்கு இரண்டு சத்தம்: ஒன்று நல்ல கால், ஒன்று இழுக்கிற கால். ஐம்பத்துநாலு படி.

ஏறுவதற்கு முன்பே வாசலில் செக்யூரிட்டி அவள் கைப்பையைச் சோதித்தான். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டான். இதுதான் கேட். கேட் பாஸ் இல்லை என்று பெருமையடித்தாயே, பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு மல்லாபூர் பஸ் பிடித்தேன். லேட் மார்க்.

25.6, வெள்ளி

மழை இல்லை. ச. காய்ச்சலில் படுத்தாள், நான் ரசம் வைத்தேன். கலா: "ரசமா, மருந்தா?"

அதே டாக்டர் குரல்தான் அவளுக்கு இன்னும் வருகிறதாம். அதோடு நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் இப்போது டி.வி. போடுகிறோம்.

29.6, செவ்வாய்

கலா ஏழுக்கு வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஆடை கட்டிவிட்டது. கண் சிவப்பு.

"இன்னாடி?" என்றாள் ச.

"பஸ்ல தூசி."

நான் வாயைத் திறந்தேன்.

"கேக்காதீங்கப்பா."

டம்ளரை வாங்கிக் காபியைச் சுட வைத்தேன்.

30.6, புதன்

தூறல். பஸ் ஸ்டாப்பில் குடைக்குள் நின்றபடி கேட்டாள், என்னைப் பார்க்காமல். "சாயங்காலம் கோயிலுக்குப் போறீங்களா?"

"போகணுமா?"

"போங்க."

நேற்றுச் சிவந்த கண்ணும் இதுவும் அந்தப் பெரியவர் விஷயம்தான் என்று பட்டது. அந்த விஷயத்துக்குப் பிறகு கோயில் பக்கமே போகாதவன், ஐந்தரைக்கே போய் நின்றேன். குருக்களுக்கு என்னைப் பார்த்துச் சந்தோஷம். இரண்டு உறை சேர்ந்திருக்கிறது என்று எடுத்து வந்தார்.

"நான் ஒரு நாள்கூட விடல. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு மண்டலம் முடிய."

"பேர எடுத்துடுங்க சாமி. நோட்டுலயும் அடிச்சுடுங்க."

"ஏன்? உடம்பு தேவலையா அவருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா? கேட்டுச் சொல்லப்படாதா?"

"கேக்கக் கூடாது சாமி."

என் முகத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்து அடித்தார். உறைகளை என் கையில் கொடுத்தார், நான் பெயர் இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்துக்கொண்டேன்.

"அப்ப மிச்ச நாளுக்கு யார் பேருக்குப் பண்றது?"

"சாமி பேருக்கே பண்ணிடுங்க."

"நட்சத்திரம்?"

அதே உத்திராடம் என்றேன்.