வாயை மறைத்துவிட்டுச் சோதிக்கக் கோருதல்

அனுப்புநர்
ஒஃபேலியா குவாமாட்சி,
தறி ஓட்டுபவர், மூன்றாம் கொட்டகை,
எல் கார்தோ நெசவாலை,
த்லாஸ்கலா மாநிலம், மெக்சிகோ.

பெறுநர்
தொழிலக ஆய்வாளர் அவர்கள்,
த்லாஸ்கலா.

பொருள்: எங்கள் ஆலையின் காதுப் பரிசோதனை காதைச் சோதிக்கவில்லை என்பது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆலையில் ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை நடக்கிறது. அத்தனை பேரும் தேறிவிடுகிறோம். தேறியவர்களில் பெரும்பாலோருக்குக் காது சரியாகக் கேட்காது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது என்பதால், நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிறோம். புதிதாகச் சேரும் பெண் அறுந்த நூலை முடியக் கற்பதற்குள் இதைக் கற்றுவிடுவாள். ஆலை மருத்துவர் உர்பினா எதிரே உட்கார்ந்து "வீடு", "மேசை", "ரொட்டி" என்று மெல்லச் சொல்வார். அவர் வாயைப் பார்த்து நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவர் குரலே எழுப்பாவிட்டாலும் தேறிவிடுவோம்.

2. சென்ற பிப்ரவரியில் மருத்துவருக்குச் சளி. முகக்கவசத்தோடு வந்தார். எங்களில் பெரும்பாலோர் தோற்றோம். மேலாளர் லாண்டா எங்களை வரிசையில் நிறுத்தி, "ஏம்மா, ஒரே ராத்திரியில எல்லாரும் செவிடாயிட்டீங்களா? நஷ்டஈட்டுக்கு நாடகமா?" என்றார். அதையும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சளி தீர்ந்ததும் மருத்துவர் முகக்கவசமின்றி வந்து மறுபடி சோதித்தார். எல்லோரும் தேறினோம். தங்களுக்கு அனுப்பப்பட்டது அந்த இரண்டாம் முடிவு.

3. சென்ற முறை தாங்கள் வந்தபோது எங்கள் தலையில் பார்த்த காதுமூடிகள், தங்கள் கார் வாசலைத் தாண்டியதும் திரும்ப வாங்கப்பட்டுவிட்டன. மற்ற நாளெல்லாம் கழிவுப் பஞ்சைத்தான் காதில் அடைத்துக்கொள்கிறோம்.

4. என் மகள் யாரேலி சென்ற ஆண்டு இதே கொட்டகையில் சேர்ந்தாள். போன மாதம் நான் அடுப்பைப் பார்த்து நின்று சோளரொட்டி சுட்டபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் தோளைத் திருப்பி, "முகத்தைக் காட்டிப் பேசும்மா, சத்தம் கேக்குது, சொல்றது ஒண்ணும் புரியல" என்றாள். கொட்டகையில் நாங்கள் சொல்லும் வார்த்தை, வீட்டுக்குள் வந்துவிட்டது. ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் அழுதேன். போன காது எனக்குத் திரும்பாது, அதை நான் கேட்கவும் இல்லை. அவளுக்கு மிச்சமிருப்பதைக் காப்பாற்றவே எழுதுகிறேன்.

5. ஆகவே, வெளியூர் மருத்துவரைக் கொண்டு, சத்தம் புகாத அறையில், பேசுபவர் வாயை மறைத்து, கருவி வைத்து, வேலைக்கு இறங்கும் முன் எங்களைச் சோதிக்க உத்தரவிடுங்கள். காதுமூடிகள் எங்களிடமே இருக்கட்டும். காது குறைந்தவரை வேலையை விட்டு நீக்காமல், அதே கூலியில் துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். மேலாளர் மிரட்டினாலும் இந்த மனுவை நான் திரும்பப் பெறமாட்டேன்.

என் சொல்லை நம்பத் தயக்கமாக இருந்தால், முன்னறிவிப்பின்றி வாருங்கள். தறிகளை நிறுத்தச் சொல்லி, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் என் பெயரைக் கூப்பிடுங்கள். நான் திரும்பமாட்டேன். பிறகு யாரேலியைக் கூப்பிடுங்கள். இன்றைக்கு வந்தால் அவள் திரும்புவாள். தள்ளிப்போட்டு வந்தால் திரும்புவாள் என்று என்னால் சொல்ல முடியாது, ஐயா.

இடம்: த்லாஸ்கலா
நாள்: மே 6

இப்படிக்கு, தங்கள் வருகையை எதிர்நோக்கும்
(ஒப்பம்) ஒஃபேலியா குவாமாட்சி